பாதியில் கழற்றிய மாலை

மாலையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டபோது கை நடுங்கியது.

வெயில் ஏறியிருந்தது. குளிர் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

சாத்தூர் பேருந்து நிலையத்தின் பின்சுவர்தான் அவனுக்கு வீடு. எதிரே ஒயின்ஷாப். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள்.

கார்த்திகை பிறந்ததும் ஏதோ ஒரு வேகத்தில் போட்ட மாலை. பிளாட்பாரத்தில் கிடக்கிறவனுக்கு விரதம் ஒரு கேடா என்று ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். மறுநாளே அவர்களும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டார்கள். மாலை போட்டவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அதற்கு முன்னால் எல்லோருக்கும் அவன் 'ஏய்'.

அந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை நாள் தாக்குப்பிடித்தான். விடியுமுன் எழுந்து குழாயடியில் குளித்தான். டீக்கடைப் பேச்சியம்மாள் முன்பெல்லாம் பேப்பர் கப்பைத் தள்ளி வைப்பாள். மாலைக்குப் பிறகு கண்ணாடி கிளாஸ். கையிலேயே கொடுப்பாள். வாங்கும்போதெல்லாம் அவனுக்கு அழுகை வரும்.

ஆனாலும் இன்று முடியவில்லை. காலையிலிருந்து உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்தான். அடங்குவதாயில்லை.

மாலையோடு குடிக்க மட்டும் மனம் வரவில்லை.

சாலையைக் கடக்கப் போனவனைப் பேச்சியம்மாள் பார்த்துவிட்டாள். வெறுங்கழுத்தையும்தான்.

"என்ன சாமி, பாதியிலயே கழட்டிட்டீக? வீட்டுல யாரும் தவறிட்டாகளா?"

அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நெருங்கிய சாவு விழுந்தால்தானே இடையில் மாலையைக் கழற்றுவார்கள்.

நல்லதாகப் போயிற்று. தலையை ஆட்டிவிட்டான்.

"அய்யய்யோ. யாரு சாமி?"

அம்மா எப்போதோ போய்விட்டாள். அண்ணன் இருக்கிறான், பேச்சுவார்த்தை இல்லை. அவன் பேரைச் சொல்லலாம். அண்ணன் பிள்ளைகளின் முகம் வந்து நின்றது. மனைவி சிவகாசியில் தீப்பெட்டி ஒட்டி மகளைப் படிக்க வைக்கிறாள்.

மகள்.

வாயை இறுக மூடிக்கொண்டான்.

குடிக்கிற அவசரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். உயிரோடு இருக்கிறவர்களைச் சாகடித்ததில்லை.

எதிரே ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள்.

"காசிராஜன்" என்றான்.

அது அவனுடைய சொந்தப் பேர்தான். அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

பேச்சியம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டு எழுந்து வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவனுக்காக யாரும் அழுது அவன் பார்த்ததில்லை.

"பாவம். எடுத்துட்டாகளா சாமி?"

அவன் எதிர்ப்பக்கம் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னும் எடுக்கலக்கா."