பூங்காவனம் செய்த காரியம்

"பத்தாவதுல பாடமா வெச்சிருந்த நாவல்," என்று சம்பந்தி வீட்டாரிடம் ஆரம்பித்தார் பட்டுக்கடை குமரகுரு. "அதுல வர்ற பூங்காவனம், காதலை உதறிட்டு அப்பா காட்டுன மாப்பிள்ளைக்கே கழுத்தை நீட்டச் சம்மதிப்பா. என் பொண்ணும் அப்படித்தான்."

கூட வேலை பார்க்கும் ராமராஜனைத்தான் கட்டுவேன் என்று நின்ற மகள் இளவரசி, அந்த நாவலை வாங்கிப் படித்ததும் அடங்கிவிட்டாள். "பூங்காவனம் செஞ்சதையே நானும் செய்யறேம்பா," என்றாள். அன்றிலிருந்து, புடவை எடுக்க வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து இலக்கியத்தின் வலிமையைப் பற்றிப் பேசினார் குமரகுரு.

கல்யாணத்தன்று காலை, மேடையில் சொல்ல நாலு வரி எடுக்கலாம் என்று மணமகள் அறையில் கிடந்த மகளின் புத்தகத்தைப் புரட்டினார். சம்மதத்தோடு முடியவேண்டிய கதை, இன்னும் நூறு பக்கம் ஓடியது.

"துர்கா, இன்னாடி இது, கதை முடியாம போய்க்கினே இருக்குது?"

"நமக்குப் பாடமா வந்தது சுருக்குன புத்தகங்க. பசங்க கெட்டுப்பூடுவாங்கன்னு பின்பாதியை வெட்டிட்டாங்க," என்றாள் மனைவி, கொண்டையில் பூவைச் சொருகிக்கொண்டே.

பின்பாதியில், முகூர்த்தப் புடவையை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து வருவதாகக் கிளம்பிய பூங்காவனம், அந்தச் சன்னதியிலேயே காதலனுக்குக் கழுத்தை நீட்டினாள்.

"பொண்ணு எங்கடி?"

"புடவையை அம்மன் பாதத்துல வெச்சி எடுத்தாரேன்னு அப்பவே போனாளே."

மேடையிலிருந்து, பெண்ணை அழைத்து வரச்சொல்லிக் குரல் வந்தது. குமரகுரு அவசரமாகப் பக்கத்தைத் திருப்பி, பூங்காவனத்தின் அப்பா அடுத்து என்ன செய்தார் என்று தேடினார்.

வந்தவர்களுக்கு இலை போடச் சொல்லியிருந்தார்.