ஐம்பதில் ஒன்று

ஐம்பதாவது தோட்டாவையும் அடைத்து முடித்த பிறகுதான் செல்வின் டப்பாவில் மீதியிருந்த வெடிமருந்தை எடை போட்டார். ஒரு தோட்டாவுக்கான அளவு குறைந்தது. அப்படியென்றால் ஏதோ ஒன்றில் இரண்டு தரம் விழுந்திருக்கிறது. அதைச் சுட்டால் பிஸ்டல் கையிலேயே வெடிக்கும். சுடப்போகிற கை மனைவி பிலோமினாவுடையது.

“மொத தடவையா வீட்ல அடைக்கிறீங்க. தரையில சிந்தியிருக்கும். கெளம்புங்க, பதினோரு மணிக்குப் போட்டி.”

“சிந்தல. பாத்துட்டேன்.”

“அம்பதுல ஒண்ணுதானேங்க?”

“எதுன்னு சொல்லு, அதை மட்டும் பிரிக்கிறேன்.”

பிலோமினா ஷூவை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். செல்வின் ஒவ்வொரு தோட்டாவாக, அதைப் பிரிப்பதற்கென்றே உள்ள சுத்தியலின் குழிக்குள் செருகி, தட்டிப் பிரித்து, உள்ளிருந்த மருந்தை எடை போட்டார். நாற்பத்தொன்பதும் சரியான அளவு. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

கடைசித் தோட்டாவை அவள் எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். “அப்ப இதுதான்.”

“பிரிச்சாத்தான் தெரியும்.”

“இதுலயும் சரியா இருந்துச்சுன்னா?”

“மறுபடி மொதல்லேர்ந்து தேடுவேன்.”

அவர் கையை நீட்டினார். பிலோமினா தோட்டாவைத் தரவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, சுத்தியலைத் தானே எடுத்தாள்.