மஞ்சள் அட்டை இல்லாதவள்

லுவாலா எல்லைச் சாவடியில், கென்யாவிலிருந்து ஐஸ் பெட்டியோடு வந்த நெகேசா வெகுநேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“அஃபாண்டே, ஆபீசரய்யா, ஐஸ் உருகுது. உச்சி வெயிலுக்குள்ள சேர்க்கலேன்னா அத்தனையும் பாழ்!”

“மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை எங்கே?” மீசையைத் தடவினார் அதிகாரி ஒகெல்லோ.

“அவசரத்துல வீட்டிலேயே விட்டுட்டேன். பெட்டியில இருக்கறது...”

“எந்த மீனா இருந்தா எனக்கென்ன? எனக்கு அட்டைதான் வேணும்.”

“அப்ப இங்கேயே ஊசி போட்டு அட்டை குடுங்க!”

“மருந்து தீர்ந்து மூணு நாளாச்சு. அது வர்றவரைக்கும் எந்தக் கொம்பனுக்கும் அனுமதியில்ல.”

“எப்ப வரும்?”

“கென்யாவிலேருந்து ஒரு நர்ஸம்மா எடுத்துட்டு வர்றாளாம். காலையிலேருந்து காத்துக் கிடக்கோம். பொறுப்பத்த பொம்பளை!”

நெகேசா பெட்டியைத் திறந்து காட்டினாள். ஐஸ் முழுக்க உருகிப்போன வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சள் காய்ச்சல் மருந்துக் குப்பிகள் மிதந்துகொண்டிருந்தன.