ஆட்டின் கழுத்து அட்டை

காலில் முள் தைத்து ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்டுக்கு, அட்மிஷன் போட்ட அன்றே மூச்சுத் திணறல் வந்துவிட்டது. பெரிய டாக்டர்கள் இருவரும் கட்டிலைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

"ஒத்தக் கால்ல நிக்கட்டும், சரியாயிடும்," என்றது கொக்கு.

"சாப்பாடு பத்தல. வாரம் ஒரு எருமை குடுங்க," என்றது முதலை.

ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எருமைக்கு எங்கே போவது என்று நர்ஸ் கோழிக்குத் தலை சுற்றியது. கடைசியில் அது ஆட்டிடமே கேட்டது.

"உனக்கு என்னப்பா பண்ணுது?"

"கழுத்த இறுக்குது சிஸ்டர்."

பெயர் அட்டையை யாரோ ஆட்டின் கழுத்தில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கோழி முடிச்சைக் கொத்தி அவிழ்த்தது. ஆடு நன்றாக மூச்சு விட்டது.

மறுநாள் வந்த முதலைக்கு ஏக சந்தோஷம். "எருமை வேலை செய்யுது பாத்தீங்களா?"

கொக்கு மட்டும் ஆட்டின் வெறும் கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தது. "அட்டை இல்லாம, யாருக்குக் குணமாச்சுன்னு எழுதுறது சிஸ்டர்? கட்டுங்க."

கோழி அட்டையைக் கொம்பில் கட்டியது. அதற்குள் பக்கத்துக் கட்டிலில், காலையில்தான் சேர்ந்திருந்த வாத்து திணற ஆரம்பித்தது.

"இதுக்கும் எருமையே எழுதிடலாம்," என்றது முதலை.

கோழி அலகைக் கட்டில் காலில் தீட்டிக்கொண்டு வாத்திடம் போனது.