மனுசன் நிக்கிறன்

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. மேப்பிள் மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் துவக்கை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தான் யோகராசா. துவக்கின் மேல் பூட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. கூட வந்த சிநேகிதன் குணசீலனின் துவக்கிலும் அதே கண்ணாடிதான். இரண்டையும் பூட்டியவன் குணசீலனே.

"இனிக் குறி பிடிக்கிறது லேசு மச்சான். புள்ளியைக் கழுத்தில வை, விசையை இழு, அவ்வளவுதான்" என்று காரில் வரும்போது குணசீலன் சொல்லியிருந்தான். "ஆனா எதிரில வேட்டைக்காரன் ஆரையும் கண்டா, கையை மட்டும் ஆட்டிப்போடாதை. வான்கோழியெண்டு நினைச்சுச் சுட்டுப்போடுவாங்கள். மனுசன் நிக்கிறனெண்டு வாயால கத்து." பிறகு அவன் மேட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போய்விட்டான்.

யோகராசா அண்ணத்தில் ஒட்டியிருந்த ரப்பர் சவ்வை ஊதி வான்கோழிப் பேடு மாதிரிக் கூப்பிட்டான். அதன் வழியாக வரும் மூச்செல்லாம் பேட்டின் குரலாகவே வெளியே வந்தது. பற்றைக்குப் பின்னாலிருந்து இன்னொரு பேடு பதில் சொன்னது. பேடு வந்தால் பின்னால் சேவலும் வரும். திரும்பவும் கூப்பிட்டான். பதில் இன்னும் கிட்டக் கேட்டது. பற்றை அசைந்த இடத்தில் புள்ளியை வைத்தான். விரல் விசைக்குப் போனது.

இலைகள் விலகின. அங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளி, மங்கலாக, அவனையே பார்த்தபடி.

விரலை விசையிலிருந்து எடுத்தான். கை தானாக உயரப் பார்த்தது, அடக்கிக்கொண்டான். இருந்த பலமெல்லாம் சேர்த்து, "மனுசன்" என்று கத்தினான்.

காடு முழுவதும் கேட்டது ஒரு பேட்டின் குரல்.