ஆட்டம் முடியட்டும்

"சார், நான் சொல்றதை ஒரே ஒரு நிமிஷம் கேளுங்க சார்..."

"கேக்க மாட்டேன். முதல்ல தண்ணியைக் குடி" என்று பாட்டிலை அவள் கையில் திணித்தார் கோச்.

டைம் அவுட் வாங்கியதே அவளுக்காகத்தான். கம்பெனி பாஸ்கெட்பால் அணியிலேயே குள்ளமானவள் என்பதால் எல்லோருக்கும் அவள் 'நெட்டை'. கேப்டனும் அவள்தான். எதிரணிக்காரி முழங்கையால் இடித்தால்கூடச் சிரித்துக்கொண்டே போகிறவள், இன்றைக்கு ஒன்றுமில்லாததற்கு ஒருத்தியைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். நாலாவது ஃபவுல். இன்னொன்று செய்தால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். தள்ளிவிட்டு, அத்தனை பேர் பார்க்க நடு கோர்ட்டில் நின்று அழுதாள்.

காரணம் கோச்சுக்குத் தெரியாமல் இல்லை. இடைவேளையில் முழங்கால் பட்டை எடுக்கப் பையைத் திறந்தவள், போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றதை அவர் பார்த்துவிட்டார். அவர் அணியில் அது கொலைக் குற்றம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோர் போனும் ஒரே பைக்குள் போய்விட வேண்டும், அவருடையதும் சேர்த்து. பை கேப்டன் பொறுப்பு. வீட்டில் இடியே விழுந்தாலும் ஆட்டம் முடிந்த பிறகுதான் பேச்சு. காலையில்கூட, "முதுகெல்லாம் வலிக்குதுங்க, இன்னிக்கு ஒரு நாள் இருங்களேன்" என்ற மனைவியிடம், "தைலம் தேச்சுக்கோ. ஆட்டம் முடியட்டும், வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தவர் அவர்.

"போனை உள்ளே போடு! ஓடு கோர்ட்டுக்கு!" என்று அப்போது அவர் போட்ட சத்தத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் காரியம்தான். வேறென்ன? அவள் அம்மாவுக்கு ரொம்ப நாளாக டயாலிசிஸ். இந்த வாரம் முடியாமல் போய் அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள்.

"சார், போன்ல..."

"பேசாதே!" என்றவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்மா. நீ சொல்லவே வேணாம்."

அவள் அழுகை அப்படியே நின்றது. "உங்களுக்குத் தெரியுமா?"

"உன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சுமா சார் இப்படி நிக்கிறீங்க?"

அந்தக் கேள்வி அவரைச் சுருக்கென்று தைத்தது. நானும் ஒரு மனுஷனா, பெற்றவள் சாகக் கிடக்கும்போது ஒரு பெண்ணைப் பந்து போடச் சொல்கிறேனே என்று தன்னையே நொந்துகொண்டார். ஆனால் கோப்பையை ஜெயித்தால்தான் டெம்பரரி ஆட்களைப் பர்மனென்ட் ஆக்குவோம் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பர்மனென்ட் ஆகிவிட்டால் வைத்தியச் செலவு கம்பெனியுடையது. இன்றைக்கு விட்டால் இந்தக் குடும்பம் நடுத்தெருவில்தான் நிற்கும்.

அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "இதோ பாரு நெட்டை. இப்போ ஓடிப் போய் நாம என்ன பண்ணிடப் போறோம்? டாக்டரா நாம? அங்க பாத்துக்க ஆள் இருக்கு. இங்க உன்னை விட்டா யாரும்மா இருக்கா? மூச்சை நல்லா இழு. விடு. இன்னொரு தடவை. ஆட்டம் முடியட்டும், அப்புறம் அழலாம். நானும் கூட உக்காந்து அழறேன்."

யாரோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சட்டை விளிம்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அதற்கப்புறம் அவள் ஆடியது ஆட்டமே இல்லை, வெறி. பந்தைத் தட்டிக்கொண்டு நெட்டை நெட்டையான நாலு பேருக்கு நடுவே புகுந்து புறப்பட்டாள். கடைசி நிமிடத்தில் ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தபோது, அவளைக் கீழே தள்ளிவிட்டார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ.

"ரிங்கை மட்டும் பாரு! வேற எதையும் நினைக்காதே!" என்று கோச் ஓரத்திலிருந்து கத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பந்து உள்ளே போனது. இரண்டாவது, வளையத்தில் பட்டுச் சுற்றிச் சுற்றி, போக்குக் காட்டிவிட்டு விழுந்தது. எதிரணி பந்தை எடுத்து எறிவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

பெண்கள் கோச்சைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். அவர் கண்ணோ நெட்டையைத்தான் தேடியது. அவள் எல்லோரையும் விட்டுவிட்டுப் பை இருந்த இடத்துக்கு ஓடி, யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் இறங்கி அவளிடம் போவதற்குள் பேசி முடித்திருந்தாள். உதடு துடித்தது.

"இப்போ அழும்மா, நல்லா அழு" என்றார் கோச். "உன் வேலை நிச்சயம். அம்மாவுக்காகத்தானே இவ்வளவும். கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"எங்கம்மாவா?" அவள் திகைத்துப்போய் நின்றாள். "எங்கம்மாவுக்கு இப்போ பரவாயில்லையே சார்... அய்யோ, தெரியும், எல்லாம் தெரியும்னு சொன்னீங்களே!"

அவள் நீட்டிய கையில் இருந்தது அவருடைய போன்.

"இடைவேளையில உங்க பையன்தான் சார் பேசினான்" என்று தேம்பினாள். "இப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சாம்... ஆனா அப்போ உயிர் இருந்துச்சு சார், அப்பா எங்கே, அப்பா எங்கேன்னு அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."