என்ஜினின் காது

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்களை மூடினார் மெக்கானிக்.

என்ஜின் சீராக ஓடியது.

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

"இப்பக்கூட வருதுங்களே, டொக்கு டொக்குன்னு" என்றார் செண்பகம் டீச்சர்.

வால்பாறைப் பள்ளிக்கூடத்துக்கு வாராவாரம் மலையேறுகிற கார் அது. போன மாதமும் டீச்சர் இதே புகாரோடு வந்தார். ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள் என்று அனுப்பி வைத்தவர் இவர்தான்.

சத்தம் பிடிபடாத வண்டி என்றால் பொள்ளாச்சியில் மற்றப் பட்டறைக்காரர்களே இவரிடம்தான் ஓட்டி வருவார்கள். காதுக்காரர் என்றுதான் பெயர். பட்டறைக்குப் பெயர்ப்பலகைகூட மாட்டவில்லை. எதற்கு மாட்ட வேண்டும்?

என்ஜினுக்கு அந்தப் பக்கம் திருமூர்த்தி நின்றிருந்தான். மனைவியின் தம்பி. பட்டறையில் கூட்டாளி. அவன் என்ஜினைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது மென்று விழுங்கித்தான் அதைச் சொன்னான். "கோயமுத்தூர்ல நல்ல காது டாக்டர் ஒருத்தர் இருக்கறாராமா. கேட்டுச் சொல்லட்டுங்களா மாமா?"

"உன்னை யார்றா கேட்டா?"

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு இருவரும் வண்டிகளைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

இப்போது, காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினார்.

நாக் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று திரையில் வந்தது.

அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நாக் சென்சார் என்பது என்ஜினின் உடம்பில் போல்ட் போட்டு வைத்த ஒரு சின்ன வில்லை. உள்ளே ஏதாவது இடித்தால் அதைக் கேட்டு, காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. என்ஜினுக்கு அதுதான் காது.

கெட்டுப்போனது அந்தக் காதாகவே இருக்கட்டும். சாமி, அதுவாகவே இருக்கட்டும்.

என்ஜினை நிறுத்தினார். சென்சாரின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்து, பக்கத்தில் ஸ்பேனரால் தட்டினார்.

மீட்டரில் எண்கள் துள்ளின.

சென்சாருக்கு நன்றாகவே காது கேட்டது.

பிளக்கை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டருக்குள் ஒயர் போய்ச் சேரும் இடத்தில் மீட்டரை வைத்தார். மறுபடி தட்டினார்.

எண்கள் அசையவில்லை.

இடையில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. விரலால் தடவிக்கொண்டே போனார். காற்றுக் குழாய்க்கு அடியில், எலி கடித்து வைத்திருந்தது.

மனதுக்குள் அந்த எலியைக் கும்பிட்டார். வெறும் ஒயர்க் கோளாறு. டீச்சர் கேட்கிற சத்தம் டீச்சரின் பயம்.

ஒயரின் இரண்டு முனைகளையும் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. இதை ஒட்டவைத்தால் சென்சார் பேச ஆரம்பித்துவிடும். சத்தம் உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

அவருக்குப் பயமாக இருந்தது.

ஒட்டாமல், டேப்பைச் சுற்றி அனுப்பிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

டீச்சரைப் பார்த்தார். பிறகு அந்த மலைப்பாதையின் வளைவுகளை நினைத்தார்.

ஒயரைப் பற்றவைத்தார்.

சென்சாரையும் கழற்றித் துடைத்து மாட்டினார். அதன் போல்ட்டை அதிகமாக முறுக்கினால் சென்சார் சரியாகக் கேட்காது. அதற்கென்று தனி ரெஞ்ச் உண்டு. இறுக்கம் போதும் என்றால் 'க்ளிக்' என்று அதுவே சொல்லும்.

முறுக்கினார். சொன்னது. கையில் தெரிந்தது.

கையில் மட்டும்தான் தெரிந்தது.

எவ்வளவு நாளாக இப்படி?

திருமூர்த்தியை நிமிர்ந்து பார்க்காமல், டீச்சரைக் காரில் ஏறி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதிக்கச் சொன்னார். ஸ்கேனரின் திரையை என்ஜின் ஓரத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை மறுபடி காதுக்குக் கொடுத்தார்.

திரையில் அதுவரை படுத்துக் கிடந்த சென்சாரின் கோடு எழுந்தது.

டீச்சர் மிதிக்கும்போதெல்லாம் எழுந்து குதித்தது.

என்ஜின் சீராக ஓடியது.

பிடியை இன்னும் அழுத்தினார். காது மடல் வலித்தது. வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார்.

சீராக ஓடியது.

தலையைத் தூக்கினார். கோடு குதிக்கும்போதெல்லாம், எதிரே திருமூர்த்தியின் புருவமும் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. அவன் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது.

போதும் என்று டீச்சருக்குக் கை காட்டினார்.

"சத்தம் இருக்குதுங்க டீச்சர். இன்னிக்கு வண்டி மலையேற வேண்டாம். பஸ்ஸுல போயிருங்க."

டீச்சர் தலையாட்டினார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூடிரைவரைப் பழந்துணியால் துடைத்தார். இத்தனை வருடத்தில் வேறு யாரையும் அவர் அதைத் தொட விட்டதில்லை. என்ஜினுக்கு மேலாகத் திருமூர்த்தியிடம் நீட்டினார்.

"கேட்டுச் சொல்லு மாப்ளே."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். என்ஜின் பக்கம் குனியவில்லை.

சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, கோயமுத்தூர் நம்பரைத் தேடினான்.